மூன்றாம் நாள் வெட்டிய டாலியா

பூ என் வாளியில் நிற்கிறது. கழுத்து வரைக்கும் தண்ணீர். அதை வெட்டியது நான்தான். வெட்டியிருக்கக் கூடாது. இன்று எனக்கு மூன்றாம் நாள். நாளை விடியற்காலை தலைக்கு ஜலம் விட்டுக்கொள்ளும் வரை செடி கொடி எதையும் நான் தொடக் கூடாது.

எல்லோரும் தூங்கியாகிவிட்டது. பின்கதவை அம்மா உள்ளே தாழ் போட்டுவிட்டாள். நான் இருக்கும் அறை கொல்லைத் தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. மாதத்தில் மூன்று நாள் இது என் இடம். மற்ற நாளெல்லாம் விறகும் வறட்டியும் போடும் இடம். அரிக்கேன் விளக்கைச் சின்னதாக வைத்திருக்கிறேன். அம்மாவை எழுப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் தடவை போவதற்கு முன் நடந்ததையெல்லாம் வரிசையாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எங்கேயாவது பொய் சொல்கிறேனா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

போன மார்ச்சில் அப்பாவின் ஆபீஸில் பெரிய இஞ்சினியராக இருந்த துரை பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறினார். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்பா ஒரு சாய்வு நாற்காலி வாங்கத்தான் போனார். நாற்காலி வேறு யாருக்கோ போய்விட்டது. அப்பா திரும்பி வந்தது மணல் நிறைந்த ஒரு மூங்கில் கூடையோடு. மணலுக்குள் கொத்துக் கொத்தாகக் கிழங்கு.

"சர்க்கரைவள்ளியா? சுக்காக் காஞ்சு போயிருக்கே," என்றாள் அம்மா.

"டாலியா. துரை லால்பாக் புஷ்ப ஷோவுல பரிசு வாங்குவாரே, அந்தக் கிழங்கு."

"திங்கலாமா?"

"பூப்பூக்கும்டி."

"வாசனை இருக்குமா?"

"கிடையாது."

"தலைல வெச்சுக்கலாமா?"

"இத்தனை பெரிசு," என்று அப்பா இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். "தலையை விடப் பெரிசு."

"சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது, வாய்க்கும் ஆகாது. இதைத் தூக்கிண்டு மல்லேஸ்வரம் வரைக்கும் ஜட்கால வந்தேளாக்கும்!"

ஒரு வாரத்தில் அப்பாவுக்கும் அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. பெரியவளானதும் ஸ்கூலை நிறுத்திவிட்டார்கள். நின்று எட்டு மாதமாகியிருந்தது. அரிசியில் கல் பொறுக்குவதும் தம்பி சந்தானத்தின் சட்டைக்குப் பித்தான் தைப்பதும் தவிர எனக்கென்று ஒரு வேலை இல்லை. கூடைக்கு அடியில் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புஸ்தகம் இருந்தது. துரை பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். அப்பாவின் டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அதை முழுசாகப் படித்தேன். பதினெட்டு நாள் ஆயிற்று.

ஒரு வரிக்கு மட்டும் அவர் மூன்று கோடு போட்டிருந்தார். குச்சியை முதலில் நடு, கிழங்கை அப்புறம் வை. செடி வளர்ந்த பிறகு குச்சி அடித்தால் மண்ணுக்குள் கிழங்கு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

அப்படியே செய்தேன். மே மாசக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் கொல்லையில் மூன்று குழி வெட்டி, மாட்டெருவும் சாம்பலும் போட்டு, குழிக்கு ஒரு மெல்லிய மூங்கிலை நட்டு, முளைக்கண் இருந்த கொத்தாகப் பார்த்து வைத்தேன். மூன்றும் முளைத்தன. ஜூலையில் இடுப்பு உயரம். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மூன்று மொக்கு வரும். பக்கத்தில் இருக்கும் இரண்டையும் சின்னதாக இருக்கும்போதே கிள்ளி எறிந்துவிட்டு நடுமொக்கை மட்டும் விட வேண்டும். அதுதான் தட்டு அகலத்துக்குப் பூக்கும். ஒரு பூவுக்காக இரண்டைக் கிள்ளுவது எனக்கு முதல் நாள் பாவமாக இருந்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது.

இன்னும் ஒரு செடி கிள்ளப் பாக்கி இருந்தபோதுதான் நான் இந்த அறைக்கு வரவேண்டியதாயிற்று.

"செடிப்பக்கம் போகாதே, பட்டுப்போயிடும்," என்றாள் அம்மா. அம்மா மிரட்டுவதற்காகச் சொல்கிறவள் இல்லை. பார்த்ததைச் சொல்கிறாள். அவள் பிறந்த ஊரில் யாரோ ஒரு சித்தி அப்படித் தொட்ட ஜாதிமல்லி மூன்று நாளில் கரிந்துபோனதாம். அதை நானும் நம்பினேன். இன்றைக்கும் நம்பவில்லை என்று முழுசாகச் சொல்லிவிட முடியவில்லை. அதனால்தான் இந்தப் பயம்.

அந்தத் தடவை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், சந்தானம் செடிக்கு முன்னால் நின்றான்.

"பக்கத்துல இருக்கற ரெண்டைக் கிள்ளுடா! நடுவுல இருக்கறதை விட்டுடு!"

"எது நடு?"

"மூணுல நடு எதுன்னு தெரியாதா? உன்னை எப்படிடா பாஸ் பண்ணி விட்டா?"

"சும்மா கூச்சல் போடாதே. தயவு பண்ணி கிள்ளு சந்தானம்னு சொல்லு."

"தயவு பண்ணித் தொலைடா."

அவன் கிள்ளினான். உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். ஒரே ஒரு குண்டு மொக்கு.

"இதுதான்டி ராஜி ரொம்பக் குண்டா இருந்தது. மத்த ரெண்டோட சாப்பாட்டையும் இதுதான் திங்கறதுன்னு எடுத்துட்டேன்."

"வீட்டுல குண்டா இருக்கறவாளை எடுக்கறதுன்னா முதல்ல உன்னைன்னா எடுக்கணும்!"

கிளைக்குக் கிளை அப்படித்தான் கிள்ளி வைத்திருந்தான்; அந்தச் செடி இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். பூத்தது, ஆனால் செவ்வந்தி அளவுக்குத்தான். இன்னொன்றின் குருத்தை நத்தை தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்று. அதில் கடைசிக் கிளையில் ஒரே மொக்கு. அதை மட்டும் என் கையால் பார்த்துக்கொண்டேன். காலையில் இலைக்கு அடியில் பூச்சி பொறுக்கினேன். சாயங்காலம் மாட்டுக் கோமியத்தைத் தண்ணீரில் கலந்து வேரில் விட்டேன். அப்பா ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்து கொல்லையில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் லால்பாக் ஷோவுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். 'ராஜலக்ஷ்மி, வைத்தீஸ்வரனின் குமாரத்தி, மல்லேஸ்வரம்' என்று தன் நல்ல கையெழுத்தில் எழுதினார். என் பேரை இங்கிலீஷில் வேறு யாரும் அதுவரை எழுதிப் பார்த்ததில்லை, ஸ்கூல் ரெஜிஸ்டரைத் தவிர.

ஷோ நாளைக்கு. சனிக்கிழமை. ஒன்பது மணிக்குள் பூவைக் கொடுத்துவிட வேண்டும்.

கணக்குப்படி எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான். புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சமையலறையில் அம்மா குளித்துவிட்டு ஆசார மடியோடு இருந்தாள். சாமிக்கு நைவேத்தியம் ஆகவில்லை. சொல்லிவிட்டேன். பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தேன்.

அப்போது பூ முக்கால்வாசி விரிந்திருந்தது. தாமிரப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் வருமே, அந்த நிறம். இதழ் நுனியில் மட்டும் மஞ்சள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சந்தானத்தின் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒன்பதரை அங்குலம்.

புதன்கிழமை ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மின்னலில் தெரிந்தது. செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் மே மாசம் நட்ட மூங்கில், விரல் பருமன் மூங்கில், நடுவில் முறிந்து தொங்கிற்று. பூ ஈரத்தைக் குடித்து ஒரு தேங்காய் கனத்துக்கு ஆகியிருக்கும். இன்னும் ஒரு காற்று அடித்தால் தண்டு ஒடியும்.

"சந்தானம்!" என்று கத்தினேன். "அப்பா!" என்றும் கத்தினேன். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பின்கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம்தான் யோசித்தேன். தொட்டால் பட்டுப்போகும். தொடாவிட்டால் ஒடிந்துபோகும். ஒடிந்தது ஒட்டாது. பட்டுப்போவதற்காவது மூன்று நாள் ஆகும். இப்படித்தான் யோசித்தேன். இதில் பொய் இல்லை.

கட்டுவதற்கு வாழைநார் அறையிலேயே இருந்தது. நட ஒரு கோல் வேண்டும். தாழ்வாரத்தில் இருட்டில் துழாவினேன். கையில் வழவழவென்று ஒரு மூங்கில் அகப்பட்டது. தொட்ட உடனே அது என்னவென்று தெரிந்துவிட்டது. அம்மாவின் மடிக்கோல். மடித்துணியைக் கையால் தொடாமல் உயரக் கொடியில் போடவும் எடுக்கவும் வைத்திருக்கிற கோல். அம்மாவைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டார்கள், அப்பா கூட. அன்றைக்குத் துணி உலராததால் தாழ்வாரத்தில் கொடி கட்டி, கோலை அங்கேயே சாத்தியிருந்தாள்.

வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தொட்டாகிவிட்டது. வைத்தாலும் தொட்டதுதான்.

எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். செடியை ஒரு தோளால் முட்டுக் கொடுத்து நிமிர்த்தி, கோலைத் தண்டுக்குப் பக்கத்தில் ஊன்றி, துவைக்கிற கல்லுக்கு அருகில் கிடந்த கருங்கல்லால் அதன் தலையில் அடித்தேன். ஈர மண். நாலே அடியில் இறங்கிற்று. மூன்றாம் அடியில் ஏதோ தடுத்து, பிறகு விட்டுக்கொடுத்தது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. மூன்று இடத்தில் நார் போட்டுக் கட்டினேன். பூவை முகத்தோடு வைத்துக்கொண்டு தண்ணீரை மெதுவாக உதறினேன். உள்ளே வந்து நனைந்த பாவாடையோடு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"என் மடிக்கோலைக் காணுமே! யாருடா எடுத்தது? சந்தானம்! ஐயோ, செடிக்குன்னா நட்டு வெச்சிருக்கு!"

"நான் எடுக்கலைம்மா."

"பின்னே கோல் நடந்து போச்சா? அப்பா தொட மாட்டார். ராஜி அந்த அறைல இருக்கா. நீதான்டா. எழுந்து வாயைக் கூடக் கொப்பளிக்காம மடிக்கோலைத் தொட்டியா நீ?"

அப்பா பல் குச்சியோடு கொல்லைக்கு வந்தார். செடியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ராத்திரி அடிச்ச காத்துக்கு இது நின்னதே பெரிசு. பாரு, மூணு இடத்துல கட்டியிருக்கான். பயலுக்குப் பொறுப்பு வந்துடுத்து. கோல் கிடக்கட்டும், வேற வாங்கிக்கலாம். சபாஷ்டா! ஞாயித்துக்கிழமை உன்னை மேட்சுக்குக் கூட்டிண்டு போறேன்."

சந்தானம் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். என் பாவாடை இன்னும் ஈரம். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஆமாம்ப்பா," என்றான். "ராத்திரி தூக்கமே வரலை. செடி ஞாபகமாவே இருந்தது."

கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். அதனால் அதுவும் என் பொய்தான்.

இன்று மத்தியானம் வெயில் வந்தது. வெயில் ஏற ஏறச் செடியின் ஒரு பக்கத்து இலைகள் தொங்க ஆரம்பித்தன. கோல் நட்டிருந்த பக்கம். பூ இருக்கும் கிளையும் அந்தப் பக்கம்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்க வந்த அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள். அதுதான் பயம்.

"மூணு நாளா ஜன்னல்லயே உட்கார்ந்துண்டு அதையே பார்த்துண்டு இருந்தியே ராஜி. தொடணும்னு இல்லைடி. பார்வை பட்டாலே போறும். பாவம், குழந்தை மழைல கட்டிக் காப்பாத்தினான்."

ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். போகும்போது அப்பாவிடம் சொல்வதும் கேட்டது. "அடுத்த வருஷம் இந்தக் கிழங்கெல்லாம் வேண்டாம். பொண்ணு இருக்கற ஆத்துல இது சரிப்படாது. யாருக்காவது குடுத்துடுங்கோ."

"பார்க்கலாம்," என்றார் அப்பா. அவர் பார்க்கலாம் என்றால் அம்மா சொன்னதுதான் நடக்கும்.

சாத்திய ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அழுதேன். காப்பாற்றியது அவன், சாகடித்தது நான். அப்படித்தான் ஆகிவிட்டது. அழுதுகொண்டே ஒன்று யோசித்தேன். என் கை பட்டதால் சாகிறது என்றால் முழுச் செடியும் அல்லவா சாக வேண்டும்? நான் தோளில் தாங்கியது இன்னொரு பக்கத்தை. அது விறைப்பாக நிற்கிறதே. ஏன் கோலின் பக்கம் மட்டும்?

துரையின் மூன்று கோடு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாம் அடியில் தடுத்து விட்டுக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

சந்தானம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஜன்னல் இடுக்கு வழியாகக் கூப்பிட்டேன்.

"டேய், பூவை இப்பவே வெட்டித் தண்ணியில வைக்கணும்டா. நாளைக் காலைக்குள்ள கழுத்துத் தொங்கிடும். வெட்டிக் குடுடா."

"நான் மாட்டேம்ப்பா. இப்பதான் நல்ல பேர் எடுத்திருக்கேன். நான் வெட்டி அது செத்துதுன்னா மேட்ச் போயிடும்."

"உனக்குக் கிடைச்ச நல்ல பேரே என்னோடதுடா!"

"அப்போ போய் அம்மாகிட்ட சொல்லேன்," என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே பயந்துபோய் ஓடிவிட்டான்.

அப்பா சாயங்காலப் பூஜைக்கு உட்கார்ந்ததும் வெளியே வந்தேன். அம்மா உள்ளே இருந்தாள். புல்லறுக்கும் கத்தியால் பூவை நீளக் காம்போடு சாய்வாக வெட்டினேன். புதன்கிழமை போல அவசரத்தில் இல்லை. தெரிந்து செய்தேன். பிறகு கோலுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் விரலை விட்டேன். கோல் ஒரு கிழங்கின் கழுத்தைத் துளைத்துக்கொண்டு நடுவில் இறங்கியிருந்தது. வெளியே எடுத்த விரலில் வெள்ளையாக, குழகுழவென்று சதை.

கொன்றது என் கைதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மா சொல்கிற மாதிரி இல்லை. இருட்டில், அவசரத்தில், கிழங்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கோல் அடித்தால் யார் அடித்தாலும் இப்படித்தான் ஆகும். சந்தானம் அடித்திருந்தாலும். அம்மாவே மடியோடு வந்து அடித்திருந்தாலும்.

இதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடியற்காலை குளித்துவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டு ஷோவுக்குப் போய்விடலாம். பூ எப்படி வாளிக்கு வந்தது என்று கேட்டால் சந்தானம் வெட்டினான் என்று சொல்லலாம், அவனும் தலையை ஆட்டுவான். ஆனால் அடுத்த வருஷம் கிழங்கு வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். எனக்குப் பித்தான்தான்.

வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போகிறேன்.

போய்விட்டு வந்தேன். சொல்லிவிட்டேன். என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று தடவை தட்டியதும் அம்மா விளக்கோடு வந்து கதவைத் திறந்தாள். அரைத் தூக்கம்.

"என்னடி? வயித்து வலியா? வெந்நீர் போடட்டுமா?"

அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"மடிக்கோலை எடுத்தது நான்மா."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "சந்தானம்னா எடுத்தான்?"

"அவன் இல்லேன்னுதான் சொன்னான். நீதான் அவன்னு சொன்னே. அப்பறம் அப்பா மெச்சினதும் ஒத்துண்டுட்டான். புதன்கிழமை ராத்திரி மழைல நான்தான் போய் நட்டுக் கட்டினேன். கதவைத் தட்டினேன், யாருக்கும் கேக்கலை. இன்னிக்கு சாயங்காலம் பூவை வெட்டினதும் நான்தான்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தூரத்தோட மடிக்கோலைத் தொட்டியா? கொடில கிடந்த துணியும் உன் மேல பட்டிருக்குமே, அதை உடுத்திண்டுன்னா நான் ரெண்டு நாளா..." முடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க முடியாது, என்னைத் தொட்டால் அவள் இந்த வேளையில் குளிக்க வேண்டும். அது எனக்கு ஞாபகம் வந்தது வெட்கமாக இருந்தது.

"பார்த்தியா? செடி பட்டுப்போச்சா இல்லையா? நான் சொன்னேனா இல்லையா?"

"பட்டுப்போச்சும்மா. ஆனா கோல் கிழங்குல குத்திடுத்து. மண்ணுல கையை விட்டுப் பார்த்தேன். நான் பண்ணின தப்பு அதுதான். என் கை பட்டதுனால போறதுன்னா, பூ என் கையில சாயங்காலத்துலேர்ந்து இருக்கு. வந்து பாரு."

அம்மா அறை வாசல் வரைக்கும் வந்தாள். விளக்கை உள்ளே நீட்டினாள். பூ வாளியின் விளிம்புக்கு மேலே நின்றது. சாயங்காலம் மடங்கியிருந்த பின்வரிசை இதழ்கள் நிமிர்ந்திருந்தன. அம்மா அதைக் கிட்டத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத்தனையும் சொல்லாமயே இருந்திருக்கலாமேடி. குளிச்சுட்டுப் பூவைத் தூக்கிண்டு போயிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"அப்போ என் பார்வையாலதான் போச்சுன்னு ஆயிடும். அடுத்த வருஷம் என்னை நட விடமாட்டே."

"இப்போ மட்டும் விடுவேன்னு யார் சொன்னா?"

"விடாம இரு. ஆனா எதனால போச்சுன்னு தெரிஞ்சுண்டு விடாம இரு."

இதை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. தெருக்கோடியில் ரோந்துப் போலீஸ்காரன் தடியைத் தட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"அம்மா, குத்தின கிழங்கை எடுக்கணும். விட்டா அழுகிடும், பக்கத்துல இருக்கறதுக்கும் பரவும். இப்பவே எடுத்தா மத்த கிழங்கெல்லாம் பிழைக்கும்."

"இந்த அர்த்தராத்திரிலயா?"

"விடிஞ்சா ஷோவுக்குப் போகணுமே. வர சாயங்காலம் ஆயிடும்."

"நாலு மணிக்குக் குளிச்சுட்டு எடேன்டி. ரெண்டு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?"

அதுவும் சரிதான். பொறுத்திருக்கலாம். ஆனால் குளித்துவிட்டு எடுத்து, செடி பிழைத்தால், குளித்ததால் பிழைத்தது என்று ஆகும். இதைச் சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே கொல்லையில் இறங்கினேன். வேண்டாம் என்று சொன்னால் நின்றிருப்பேனா தெரியாது. அவள் சொல்லவில்லை.

மறுபடி லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது, மண் வழுக்கிற்று. முதலில் நாரை அறுத்து, கோலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். நுனியில் கிழங்குச் சதை அப்பியிருந்தது. மண்டி போட்டுக் கையால் மண்ணைத் தோண்டினேன். இருட்டில் எது நல்லது எது குத்துப்பட்டது என்று தெரியவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தபோது மண்ணின் மேல் வெளிச்சம் விழுந்தது. அம்மா தாழ்வாரத்தின் விளிம்புக்கு வந்து விளக்கை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். மறு கையால் மழைத்தூறல் படாமல் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் பிளந்து கிடக்கே, அதுவா?" என்றாள்.

"அதுதான்."

கத்தியால் அதன் கழுத்தை அறுத்து எடுத்தேன். வாடின கிளையையும் அடியோடு வெட்டினேன். அறுத்த இடத்தில் சாம்பலைத் தடவி மண்ணை மூடினேன். மற்ற நாலும் கெட்டியாக இருந்தன.

"அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா. "நீயே சொல்லணும். சந்தானத்தை மெச்சினாரே, அதையும் சேர்த்து. கோலை வெந்நீர் அடுப்புல போட்டுடு. நான் ரெண்டு நாளா உடுத்தின மடிக்கு என்ன பிராயச்சித்தமோ, வாத்தியாரைத்தான் கேக்கணும். அவர்கிட்ட என்னன்னு சொல்றது நான்!" சொல்லிக்கொண்டே திரும்பினாள். கதவருகே நின்றாள். "நாலு மணிக்கு எழுப்பறேன். வெந்நீர் வெச்சிருப்பேன். படு."

உள்ளே தாழ் விழுந்தது.

படுக்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் போகவில்லை; அது எனக்குத் தெரியும். பூவை எடுத்துக்கொண்டு போகாதே என்று அவள் சொல்லவில்லை, அதுவும் தெரியும். அப்பா எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. அவர் மெச்சினதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அது அவருக்குப் பிடிக்காது. ஷோவுக்குப் போக வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொன்னால் லால்பாக் வரை நடந்தே போக எத்தனை நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பதுக்குள் சேர வேண்டுமானால் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. குளித்ததும் அப்பாவிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.